அறுவை மருத்துவரும் கணிப்பொறியும்

முன்னுரை

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலொடு கலக்கும் வளநாட்டின் கீழைக் கரையில், இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில், தரங்கம்பாடி என்னும் பழம்பதி அமைந்துள்ளது. முற்காலத்தே சடங்கன்பாடி எனப் பெயர் பெற்றிருந்த அவ்வூர் பின்னர்த் தரங்கம்பாடி என வழங்கலாயிற்று. தரங்கம் என்பது அலை. அலை பாடும் ஊர் என்று மக்கள் அப்பெயருக்குப் பொருள் கூறி மகிழ்வர். 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனிய நாட்டார் அங்கு ஒரு கோட்டை எழுப்பினர். 1706-இல் செருமானியப் பாதிரியார் சீகன்பால்கு அங்கு வந்திறங்கித் தமிழ் பயின்றார்; பின்னர் அச்சுக்கூடம் ஒன்றையும் நிறுவினார்.

அவ்வச்சுக்கூடத்தின் வரலாற்றில் கருதத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. தமிழெழுத்துக்களின் வடிவங்களை வரைந்து செருமனியிலுள்ள ஆலே நகருக்கு அனுப்பினர். அங்கிருந்த தொழில் வல்லார் அச்செழுத்துக்களை வார்த்து அனுப்ப, அவை 1713-ஆம் ஆண்டளவில் வந்து சேர்ந்தன. ஆனால், அவ்வெழுத்துக்கள் அளவிற் பெரியன. தாள் அரிதாகக் கிடைத்த அந்நாளில் அவற்றைக்கொண்டு பெருநூல் ஒன்றனை அச்சிட்டு முடித்தல் அரிதாயிற்று. ஆதலால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பெற்றன. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் முற்றுப்பெற்றது.

எழுத்து வார்த்தவரிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அச்சுக் கோப்பவனுக்கு வேண்டுவது யாது என்பதை அவர்கள் அருகிருந்து கண்டதில்லை. கருவி செய்வோன் கைத்திறன் மட்டும் உடையனாயின் போதாது. அதனைக் கையாள்வோனின் தேவையையும் அறிந்தவனாதல் வேண்டும். அச்சுத் தொழிலில் இவ்வறிவு குறைந்தால் தாள் வீணாகும். அறுவை மருத்துவத்திலோ, உயிருக்கே ஊறு நேரும். இக்காலத்தே கணிப்பொறி அறுவைக் கூடத்துள்ளும் புகுந்துவிட்டது. அங்கு அது செய்ய வேண்டுவது யாது, செய்யலாகாதது யாது என்பவற்றை ஆராய்தல் பயனுடைத்து.

கண்டு அறுத்தல்

அறுவை மருத்துவரின் முதற்றேவை காட்சி. தோலும் தசையும் எலும்பும் மறைத்து நிற்ப, உள்ளே நோய் எங்குளது என்பதை அறியாது கத்தியை எடுத்தல் இருளில் அம்பு எய்தலை ஒக்கும்.

இத்தேவையைத் தஞ்சை நாடு நெடுநாட்களுக்கு முன்னரே உணர்ந்திருந்தது. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ச்சு பாதிரியாரின் பாதுகாப்பிற் கல்வி பயின்றவர் இரண்டாம் சரபோசி மன்னர். 1798 முதல் 1832 வரை தஞ்சை அரியணையில் அமர்ந்திருந்த அவர், தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தினார். அங்குக் கண்ணோய்க்கு மருத்துவம் பெற்றோரின் குறிப்புக்கள் எழுதிவைக்கப்பெற்றன. நோயுற்ற கண்ணின் தோற்றமும் வண்ணப் படமாகத் தீட்டப்பெற்றது. அவ்வேடுகள் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் காக்கப்பெறுகின்றன. படத்தையும் நோயையும் ஒருங்கு வைத்து நோக்கும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதியதன்று என்பதற்கு அவை சான்றாகும்.

கண் புறத்தே தோன்றுவது. அதனைப் பார்த்து வரையலாம். மண்டையோட்டினுள் இருக்கும் மூளையை எவ்வாறு வரைவது? 1895-இல் இராஞ்சன் என்னும் செருமானிய அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டார். அது எலும்பைக் காட்டிற்று. மென்மையான மூளையைத் தெளிவுறக் காட்டவில்லை. 1971-இல் இங்கிலாந்தில் அவுன்சுபீல்டு என்பவர் அமைத்த பொறி, எக்ஸ் கதிரைப் பல கோணங்களிற் செலுத்தி, கிடைத்த அளவுகளைக் கணிப்பொறியாற் கணக்கிட்டு, தலையின் உள்ளமைப்பைப் படமாக்கித் தந்தது. மக்கள் இன்று 'சி.டி. ஸ்கேன்' என வழங்குவது இதனையே. இக்கண்டுபிடிப்பிற்காக அவரும் கார்மாக் என்பவரும் 1979-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சென்னையின் முன்னோடிகள்

கணிப்பொறி வருமுன்னரே, கணக்கின் துணைகொண்டு மூளையில் அறுவை செய்த பெருமை தமிழ்நாட்டிற்கு உண்டு. தரங்கம்பாடிக்கு வடக்கே அணித்தாயுள்ள சீர்காழியில் 1922-இல் பிறந்தவர் மருத்துவர் பா. இராமமூர்த்தி. அவர் 1950-இல் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அவரோடு உழைத்தவருள் ஒருவர் மருத்துவர் கனகா. தஞ்சாவூர் சந்தானகிருட்டிண கனகா என்பது அவர்தம் முழுப்பெயர். ஆசியாவின் முதற் பெண் நரம்பியல் அறுவை மருத்துவருள் ஒருவராக அவர் போற்றப்பெறுகிறார். மூளையின் ஆழத்தே மின்முனையைப் பதித்துச் செய்யும் மருத்துவத்தை 1975-ஆம் ஆண்டிலேயே செய்து வழிகாட்டியவரும் அவரே.

அவர்கள் கையாண்ட முறை நுட்பமானது. நடுக்குவாத நோயில் ஒருவன் கை ஓயாது நடுங்கும். அந்நடுக்கத்திற்குத் துணையாகும் சிறு பகுதி மூளையின் நடுவே ஆழத்தில் உள்ளது. நோயாளியின் தலையில் உலோகச் சட்டம் ஒன்றைப் பொருத்துவர். மூளையின் உள்ளறைகள் எக்ஸ் கதிர்ப் படத்தில் தோன்றுமாறு செய்வர். அவ்வறைகளை அடையாளமாகக் கொண்டு, இலக்கு முன்பின்னாக எவ்வளவு, இடம்வலமாக எவ்வளவு, மேல்கீழாக எவ்வளவு என மூன்று அளவுகளைக் கணக்கிடுவர். பின்னர், சிறு துளை வழியே மெல்லிய கம்பியை அவ்விலக்கிற்குச் செலுத்துவர்.

இவ்வறுவையில் நோயாளி பெரும்பாலும் விழித்தே இருப்பான். கம்பி இலக்கை அடைந்ததும் மருத்துவர் அவனைக் கையை உயர்த்துமாறு கூறுவார். பல்லாண்டு நடுங்கிய கை அசைவற்று நிற்குமாயின் இடம் சரி. நில்லாதாயின் கணக்கை மீண்டும் நோக்குதல் வேண்டும். சட்டமும் எண்ணும் வழி காட்டின. முடிவு கூறியதோ நோயாளியின் கை. கருவி வழிகாட்ட, அதன் சொல்லைப் பிறிதொரு சான்றுகொண்டு மருத்துவர் சோதித்து அறிந்த இம்முறை, பின்வந்த கணிப்பொறிக் காலத்திற்கும் பொருந்தும் பாடமாகும்.

படமும் நிலமும்

முன்னர்க் கையாற் செய்த கணக்கை இன்று கணிப்பொறி நொடிப்பொழுதிற் செய்கிறது. ஆயினும், படம் வேறு, நோயாளியின் உடல் வேறு. படத்திற் காணும் புள்ளி உடலில் எங்குளது என்று அறிவது எங்ஙனம்?

தஞ்சை நாட்டு உழவர் இதனை எளிதில் உணர்வர். வயலுக்குப் புலப்படம் உண்டு. அப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் நின்றால் மட்டும் எல்லை தெரிந்துவிடாது. நில அளவையர் முதலில் எல்லைக் கற்களைத் தேடுவார். படத்தில் உள்ள கல் இது, நிலத்தில் உள்ள கல் இது என மூன்று நான்கு கற்களைப் பொருத்திய பின்னரே படம் நிலத்தின்மேற் சரியாகப் படியும். ஒரு கல் இடம் பெயர்ந்திருப்பின் எல்லை முழுவதும் பிழையாகும். அதனால் வழக்கு மன்றம் ஏறிய குடும்பங்கள் பல.

அறுவைக் கூடத்திலும் இதுவே நிகழ்கிறது. மூக்கின் அடி, கண்ணின் கடை, தலையில் ஒட்டிய சிறு குறிகள் ஆகியவை அங்கு எல்லைக் கற்கள். மருத்துவர் முனையுள்ள கோல் ஒன்றால் அவற்றை ஒவ்வொன்றாகத் தொடுவார். அக்கோலில் உள்ள பளபளப்பான சிறு உருண்டைகளை அகச்சிவப்புக் கதிர் கொண்டு காணும் ஒளிப்படக் கருவி நோக்கிநிற்கும். கணிப்பொறி இரண்டையும் பொருத்தி, கோலின் முனை இப்பொழுது மூளையின் எப்பகுதிக்கு நேராக உள்ளது எனத் திரையிற் காட்டும்.

இங்கு மருத்துவருக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று, பிழை மிகச் சிறியதாக இருத்தல். தலையறுவையில் இரண்டு மில்லி மீட்டர் என்பது சிறிய அளவன்று; அவ்விடைவெளியில் பேச்சை ஆளும் பகுதியோ, கையை இயக்கும் நரம்போ இருத்தல் கூடும். மற்றொன்று, பிழை எவ்வளவு என்பதைப் பொறி மறையாது கூறுதல். தெளிவான வண்ணத் திரை, ஐயத்திற்கு இடமின்றி உண்மை உரைப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கும். அத்தோற்றத்தில் மயங்கிய மருத்துவர் தம் கண்ணையும் அறிவையும் ஒதுக்கிவிட நேரும். ஆகவே, 'இவ்விடம் எனக்குத் தெளிவாக இல்லை' என்று ஒப்புக்கொள்ளும் பொறியே நம்பத்தக்க பொறியாகும்.

கடல் கொண்ட கரை

தரங்கம்பாடியின் கடற்கரையில் மாசிலாமணிநாதர் திருக்கோயில் உள்ளது. அது பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-ஆம் ஆண்டளவில் எழுந்தது. கட்டிய நாளிற் கடல் அதற்குத் தொலைவில் இருந்தது. நாளடைவில் அலை கரையை அரித்து, கோயிலின் முன்பகுதியைக் கொண்டுபோயிற்று. டேனியர் வரைந்த பழைய ஊர்ப்படத்தை எடுத்துக்கொண்டு இன்று கரையில் நிற்பவன், படத்தில் நிலமாகக் காணும் இடத்தில் அலை புரளக் காண்பான். படம் வரைந்தவர் பிழை செய்யவில்லை. படம் வரைந்த பின் நிலம் மாறிவிட்டது.

மூளையறுவையிலும் இத்தகைய மாற்றம் உண்டு. அறுவைக்கு முன்னாள் எடுத்த படத்தில் மூளை ஓரிடத்தில் இருக்கும். மண்டையோட்டைத் திறந்ததும் உள்ளிருக்கும் நீர் வடியும். மூளை தன் எடையாலேயே சற்றுத் தாழும். கட்டியை எடுக்க எடுக்க மேலும் இடம் பெயரும். இப்பெயர்ச்சி ஒரு சென்டி மீட்டர் வரையிலும், சில வேளைகளில் அதனினும் மிகுதியாகவும் இருத்தல் கூடும். கரையில் ஊரின் வடிவம் மாற நூற்றாண்டுகள் ஆயின. இங்கோ ஒரு மணி நேரம் போதும்.

ஆதலின், அறுவை நடக்கும்பொழுதே படத்தைப் புதுப்பித்தல் மருத்துவரின் இன்றியமையாத் தேவையாயிற்று. கேளா ஒலியாற் படம் எடுக்கும் கருவியை அறுவைக்கிடையே பயன்படுத்துவது ஒரு முறை. அறுவைக் கூடத்திலேயே எம்.ஆர்.ஐ. பொறியை அமைப்பது மற்றொரு முறை. ஆனால் அதற்குப் பொருட்செலவு மிகுதி, காலமும் மிகுதி. நோயாளியை விழிக்கச் செய்து பேசவைத்து, பேச்சு குன்றாத எல்லை வரை கட்டியை அகற்றுவது வேறொரு முறை. சென்னையின் முன்னோடிகள் கையை உயர்த்தச் செய்து சோதித்த அவ்வழி இன்றும் பழமையாகிவிடவில்லை.

கையும் கருவியும்

வயிற்றறுவையில் தேவை வேறு வகைப்படும். பெருங்காயம் செய்யாமல், சிறு துளைகள் வழியே நீண்ட கருவிகளைச் செலுத்தி, உள்ளே நுழைத்த ஒளிப்படக் கருவியின் காட்சியைத் திரையிற் கண்டு அறுக்கும் முறை பெருவழக்காகியுள்ளது. நோயாளிக்கு வலி குறைவு; விரைவில் எழுந்து நடமாடுவான். ஆனால், மருத்துவரின் கைக்கு அது கடினம். துளை ஒரு தாங்குபுள்ளி போல நிற்பதால், கை வலப்பக்கம் சென்றாற் கருவியின் முனை இடப்பக்கம் செல்லும். படகோட்டும் தரங்கம்பாடி மீனவருக்கு இது வியப்பன்று. சுக்கானின் பிடியை இடப்பக்கம் தள்ளினாற் படகு வலப்பக்கம் திரும்புவதை அவர் நாள்தோறும் காண்கிறார். பழகியவனுக்கு அஃது இயல்பு, பழகாதவனுக்குப் பெருந்துன்பம்.

இத்துன்பத்தை நீக்குவதற்கென எந்திரக் கைகள் அமைக்கப்பெற்றன. மருத்துவர் சற்று எட்டி அமர்ந்து, இரு கண்ணாலும் ஆழம் தெரியும் காட்சியைக் கண்டு, பிடிகளை அசைப்பார். எந்திரக் கை அவர் கையின் சிறு நடுக்கத்தை நீக்கி, பெரிய அசைவைச் சிறிய அசைவாக்கி, மணிக்கட்டுப் போல வளைந்து தொழிற்படும். கை செல்லும் பக்கமே முனையும் செல்லும். சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்திலுள்ள பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையில் 2022-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 35 கோடி ரூபாய் செலவில் இத்தகைய பொறி நிறுவப்பெற்றது. அஃது அரசினர் மருத்துவமனையாதலால், எளியோரும் அதன் பயனை எய்த வழி பிறந்தது.

எனினும், இவ்வெந்திரத்தால் நெடுங்காலம் ஈடுசெய்ய இயலாத குறை ஒன்று உண்டு. அது தொடுவுணர்ச்சி. தையல் நூலை இறுக்கும்பொழுது அது அறுபடும் எல்லையை விரல் உணரும்; திசு மென்மையா, கட்டியின் கடினமா என்பதையும் விரலே முதலில் அறியும். எந்திரக் கையில் அவ்வுணர்ச்சி மருத்துவரை எட்டவில்லை. திசு இழுபடுவதைக் கண்ணாற் கண்டே விசையை மதிப்பிட்டனர். அண்மையில் வந்த சில பொறிகளே விசையைக் கைக்கு உணர்த்த முற்பட்டுள்ளன. காட்சியை மிகுத்துக் கொடுத்தவர், தொடுவுணர்ச்சியை எடுத்துவிட்டதைப் பிந்தியே உணர்ந்தனர் எனலாம்.

காலத்தாழ்வும் கருதத்தக்கது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கில் அமர்ந்த மருத்துவர்கள், பிரான்சு நாட்டு இசுத்திராசுபூர்க்கு நகரில் இருந்த நோயாளியின் பித்தப்பையை எந்திரக் கையால் அகற்றினர். கையசைவு கடல் கடந்து சென்று, காட்சி மீண்டு வர ஒரு நொடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே ஆயிற்று. அத்தாழ்வு மிகுமாயின், மருத்துவர் காண்பது நடந்து முடிந்த செயலாகும்; நடக்கும் செயலாகாது.

குறுக்கே நில்லாமை

பெரிய தேவைகளைக் கருதுவோர் சிறிய தேவைகளை மறத்தல் உலக இயல்பு. அறுவைக் கூடத்தில் சிறியவை எனத் தோன்றுவனவே பெருந்தடையாகும். மருத்துவரின் கையுறை தூய்மை கெடலாகாது; ஆதலால் அவர் பொறியின் விசைப்பலகையைத் தொட இயலாது. காலால் அழுத்தும் பொத்தானோ, தூய உறையிட்ட கைப்பிடியோ வேண்டும். காயத்தை நோக்கும் கண் அடிக்கடி திரைக்கு ஓடலாகாது. திரை கண்ணுக்கு நேராக அமைதல் வேண்டும். உதவியாளர் ஒருவர் குறுக்கே நின்றால் அகச்சிவப்புக் கருவியின் பார்வை மறையும். நெருக்கடியான வேளையில் 'நகர்ந்து நில்' எனக் கூறிக்கொண்டிருத்தல் இயலாது. ஓயாது ஒலிக்கும் எச்சரிக்கை மணி, முடிவில் யாரும் கேளாத மணியாகிவிடும்.

இவை எல்லாவற்றினும் தலையாயது ஒன்று உண்டு. பொறி பழுதுற்றாலோ, குருதி பெருக்கெடுத்தாலோ, எந்திரக் கைகளை விரைந்து விலக்கி, மருத்துவர் தம் கையாலேயே அறுவையைத் தொடர வழி இருத்தல் வேண்டும். அவ்வாறு தொடரும் பயிற்சியையும் அவர் இழத்தலாகாது. பொறியோடு மட்டும் பழகியவன், பொறி நின்றபொழுது செயலற்று நிற்பான்.

தேவையை அறியும் நெறி

மருத்துவரின் தேவையை எவ்வாறு அறிவது? அவரையே வினவலாம். ஆனால், பல்லாண்டுப் பழக்கத்தாற் கைவந்த செயலை ஒருவராற் சொல்லிக்காட்டல் அரிது. நாற்று நடும் பெண்டிரிடம் விரல் எவ்வாறு சேற்றில் ஆழ்கிறது என வினவினால், அவர் விடை கூறாது நட்டே காட்டுவர். ஆகையால், பொறியாளர் அறுவைக் கூடத்தில் நின்று, மருத்துவர் எப்பொழுது தயங்குகிறார், எப்பொழுது தலையைத் திருப்புகிறார், எதனைக் கேட்டுக் கை நீட்டுகிறார் என்று உற்று நோக்குதல் வேண்டும். செவிலியரையும் மயக்க மருத்துவரையும் வினவுதல் வேண்டும். மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்து, குறை கேட்டு, மீண்டும் திருத்துதல் வேண்டும்.

இந்நெறி தவறினால் நேர்வதற்கு ஒரு சான்று உண்டு. 1992-இல் அமெரிக்காவில், இடுப்பு மூட்டு மாற்றத்திற்கென எலும்பைத் தானே குடையும் எந்திரம் மனிதரிடத்து முதன்முதலாகப் பயன்படுத்தப்பெற்றது. பின்னர்ச் செருமனியிற் பல மருத்துவமனைகள் அதனை வாங்கின. எலும்பில் அது செய்த குழி மிகச் செப்பமானது. ஆனால் அறுவைக்குக் காலம் நீண்டது. எலும்பைச் சூழ்ந்த தசைக்கு ஊறு நேர்ந்தது என்ற குறை எழுந்தது. நோயாளி வேண்டியது குழியின் செப்பம் அன்று, நலமாக நடத்தலே. சில ஆண்டுகளில் அங்கு அதன் பயன்பாடு வீழ்ந்தது.

மறுபுறம், கையாள்வோனின் தேவையிலிருந்தே பிறந்த கருவிக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. மருத்துவர் கோ. வெங்கடசாமி இளமையிலேயே முடக்குவாதத்தாற் கைவிரல்கள் கோணப்பெற்றார். அறுவை மருத்துவத்திற்கு அத்தகைய கை உதவாது என்று எவரும் கருதுவர். அவரோ, தம் விரலின் வளைவிற்கேற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கண்ணறுவை பயின்றார். தம் வாழ்நாளில் நூறாயிரத்திற்கும் மேற்பட்ட கண்ணறுவைகளைச் செய்தார். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகோர் வந்து கண்டு செல்லும் நிலையமாக வளர்ந்துள்ளது. கருவிக்கேற்பக் கையை வளைக்காமல், கைக்கேற்பக் கருவியை வளைத்தமையே அவர் வெற்றியின் தொடக்கமாகும்.

முடிவுரை

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம், மருத்துவம் என்பதை நான்கு உறுப்புக்களாக வகுத்துரைக்கும். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்பன அவை. கணிப்பொறிக்குரிய இடம் இந்நான்கனுள் எது? அது மருத்துவன் அன்று. நோயின் காரணத்தை ஆராய்ந்து துணிதலும், அத்துணிவிற்குப் பொறுப்பேற்றலும் மனிதன் கடமை. அது மருந்தும் அன்று. அதனால் மட்டும் நோய் தீர்வதில்லை. அருகிருந்து பேணுவோனின் இடமே அதற்கு உரியது. நல்ல துணைவன் கேட்டதனைக் கேட்டபொழுது கொடுப்பான், அறியாததை அறிந்ததாகக் கூறான், குறுக்கே நில்லான், தன் கை தளர்ந்தால் முன்னரே அறிவிப்பான். இக்குணங்களே பொறிக்கும் வேண்டுவன.

மற்றொன்றும் மறத்தலாகாது. நான்கு உறுப்புக்களுள் முதலில் நிற்பவன் நோயாளி. சிற்றூர் உழவனும் மீனவனும் பெருநகர் சென்று இம்மருத்துவம் பெறுவதற்கு வழிச்செலவும் நாட்கூலி இழப்பும் தடையாகின்றன. விலை குறைந்த, பழுது பார்த்தற்கு எளிய, மாவட்ட மருத்துவமனையிலும் இயங்கத்தக்க பொறியைப் படைத்தல் இனிவரும் பொறியாளரின் கடமையாகும். அன்று தொலைநாட்டில் வார்த்த எழுத்து இந்நாட்டுத் தேவைக்குப் பெரிதாயிற்று. தரங்கம்பாடியில் வார்த்த சிறிய எழுத்தே நூலாயிற்று. அறுவை மேசையில் மயங்கிக் கிடப்பவன் தன் தேவையை எடுத்துரைக்க இயலாதவன். அவன் பொருட்டு மருத்துவரும், அம்மருத்துவர் பொருட்டுப் பொறியாளரும் செவி சாய்த்து நிற்பாராயின், கணிப்பொறி உயிர் காக்கும் துணையாக விளங்கும் என்பதில் ஐயமில்லை.